தீக்கொழுந்தனின் கடைசி நாவலும் எங்கள் குடும்பத்துக் கத்தரிக்கோல்களும்

1

சென்ற ஆண்டு என் பெரியப்பாவின் மகன் பரமலிங்கம் கனடிய நாவலாசிரியர் ஆனார். அதற்காக அவர் செய்யவேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், இறந்துபோவது.

உயிரோடு இருந்தவரைக்கும் அந்தப் பட்டத்தை ஒருவரும் அவருக்குக் கொடுக்கவில்லை. கொழும்புப் பத்திரிகைக்காரருக்கு அவர் யாழ்ப்பாணத்து எழுத்தாளர். சென்னையில் அவருடைய புத்தகங்களைப் போட்டவருக்கு ஈழத்து எழுத்தாளர். யாழ்ப்பாணத்தில் புலம்பெயர் எழுத்தாளர்; அதாவது, வெளிநாட்டில் சொகுசாக இருந்துகொண்டு ஊரைப்பற்றி எழுதுகிறவர். அந்தச் சொகுசு என்னவென்றால், ஸ்காபரோவில் ஒரு கடைத்தொகுதியின் கார் தரிப்பிடத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இரவுக் காவல். அங்கே அவர் எழுதுகிறவர் என்பது ஒருவருக்கும் தெரியாது. சட்டைப்பையில் குத்தியிருந்த அட்டையில் பெயரைக்கூடச் சுருக்கிப் 'பரம்' என்று போட்டிருந்தார்கள்.

தன் புனைபெயரை அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வைத்துக்கொண்டார். தீக்கொழுந்தன். பிறகு முழங்கால் வரைக்கும் பனிக்குள் நின்று வழி வெட்டிய காலத்திலும் அதை மாற்றவில்லை. எங்கள் குடும்பத்தில் பிடிவாதத்துக்குக் குறைவில்லை.

ஆள் போய்ச் சில மாதங்களில் அங்கேயுள்ள ஒரு பல்கலைக்கழக நூலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. 'முக்கியமான கனடிய நாவலாசிரியர்' ஒருவரின் தனிப்பட்ட காகிதங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் பாதுகாப்பதில் தங்களுக்கு ஆர்வம் என்றும், வெப்பமும் ஈரமும் அளவாக வைத்திருக்கும் அறையில், அமிலம் இல்லாத தனிப் பெட்டிகளில் அவை இருக்கும் என்றும் எழுதியிருந்தார்கள். கிளேர் என்றொரு பெண் கையெழுத்திட்டிருந்தார். ஹீட்டர் வேலை செய்யாத கூண்டுக்குள் இரண்டு காலுறை போட்டுக்கொண்டு எழுதியவரின் காகிதங்களுக்கு இனிக் குளிரும் இல்லை, வெக்கையும் இல்லை. கொடுத்துவைத்த காகிதங்கள்.

ஒரேயொரு சிக்கல். கனடிய நாவலாசிரியரின் காகிதங்கள் கனடாவில் இல்லை. மெல்பேர்ணில், நோபல் பார்க்கில், அவருடைய மகள் தர்ஷினியின் கராஜில், புல்வெட்டும் மெஷினுக்கும் பழைய ட்ரம்போலினுக்கும் நடுவில் இருந்தன.

2

எப்படி வந்தன என்று ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் கேட்பீர்கள். பரமண்ணையின் மனைவி பூமணி மச்சாள் தனியாக ஸ்காபரோவில் இருக்க முடியாது என்று மகள் இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மச்சாள் தன் சாமான் என்று கொண்டுவந்தது ஒரு சூட்கேஸ். புருஷனின் சாமான் என்று கப்பலில் வந்தது பதினான்கு பெட்டி.

அந்தப் பெட்டிகள் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டன. கள்ளக்கடத்தல் இல்லை, வேப்பிலை. ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் கனடாவில் மற்றவர்கள் பனங்கட்டி கேட்பார்கள், ஒடியல் கேட்பார்கள். பரமண்ணை வேப்பிலை கேட்பார். காயவைத்து, பூச்சி வராமல் ஒவ்வொரு கையெழுத்துப் பிரதிக்குள்ளும் வைப்பார். அவுஸ்திரேலியாவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? இந்த நாட்டுக்குள் மனிதர் வருவதே பெரும்பாடு, இலை வருவதற்குக் கேட்கவா வேண்டும்.

தர்ஷினி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கையுறை போட்ட ஓர் அதிகாரி ஒரு பிடி இலையை பொலித்தீன் பைக்குள் வைத்துத் தூக்கிக் காட்டிக் கேட்டார், இது உணவா, மருந்தா, மதச் சடங்குக்கு உரியதா என்று. மூன்றும்தான் என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு இன்னும் மூன்று படிவம் தந்தார்கள். ஒன்றிலும் நாவல் என்று ஒரு கட்டம் இல்லை. கடைசியில் இலையை எல்லாம் பொறுக்கி எடுத்து எரித்து, காகிதங்களை ஒரு கூடாரத்துக்குள் வைத்துப் பூச்சிவாயு அடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தமிழிலக்கியத்துக்கு வேறெந்த நாடும் இவ்வளவு கரிசனம் காட்டியிருக்காது.

கிளேர் அடுத்து ஒரு பட்டியல் கேட்டார். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, நாவலா, கடிதமா, நாட்குறிப்பா. நியாயமான கேள்வி. ஆனால் தர்ஷினிக்குத் தமிழ் வாசிக்க வராது. தமிழ் நாவலாசிரியரின் ஒரே மகள் தமிழைக் கடைப் பலகையில் பார்த்து எழுத்துக் கூட்டுவாள், அதுவும் கார் சிவப்பு விளக்கில் நின்றால்தான். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. என்னுடைய மகள் சிட்னியில் இருக்கிறாள், அவளுக்கு அதுவும் வராது. தொலைபேசியில் பரமண்ணையின் பெட்டிகளைப் பற்றிச் சொன்னபோது, "ஸோ ஹூ இஸ் கோயிங் டு ரீட் இட், அப்பா?" என்று கேட்டாள். நான் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"அங்கிள், நீங்கள்தான் ரிட்டையர்ட். அப்பாட ஹாண்ட்ரைட்டிங் உங்களுக்குத்தான் விளங்கும்," என்றாள் தர்ஷினி. இப்படித்தான் தபால் தரம்பிரிக்கும் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான், ஒரு கனடிய நாவலாசிரியரின் ஆவணக் காப்பாளராக நியமனம் பெற்றேன். சம்பளம், தேத்தண்ணியும் வாய்ப்பனும்.

3

செவ்வாயும் வியாழனும் பின்னேரங்களில் போவேன். குசினி மேசையில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ன இருக்கிறதென்று குறித்துக்கொண்டு போவேன். மச்சாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டு, 'உங்கள் காத்திருப்பு எங்களுக்கு முக்கியம்' என்கிற மாதிரிக் கடிதங்களைப் பெற்றுக்கொண்டிருந்தார். அதனால் தானாக வாசிக்க முடியாது.

"சும்மா குறிக்கிற நேரம் வாய்விட்டு வாசியுங்கோவன் தம்பி. எனக்கும் பொழுது போகும்," என்றார்.

"நீங்கள் இதெல்லாம் முந்தியே வாசிச்சிருப்பியள்தானே, மச்சாள்?"

"எங்க வாசிச்சது. பிஸ்கட் பக்டரியில ரெண்டு ஷிப்ட். வந்து சமைக்கிறது, படுக்கிறது. புத்தகம் வந்தா அட்டையைப் பாப்பன். நல்ல அட்டையெண்டு சொல்லுவன். அவருக்கும் அது காணும்."

ஆகவே கடைசி நாவலில் தொடங்கினேன். அச்சுக்குப் போகாதது. பெயர் 'பதினோராம் மாடி முருங்கை'. ஒரு மனிதன் பதினோராம் மாடியில், பெரிய பிளாஸ்ரிக் வாளியில் ஒரு முருங்கை வளர்க்கிறான். அது கூரையை முட்டுகிறது, காய்க்கவில்லை. அத்தியாயத்துக்கு ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிறார், முருங்கையைப் பார்க்கிறார், புத்தி சொல்கிறார், சாப்பிடுகிறார், போகிறார். அவ்வளவுதான் கதை. ஆனால் வாசிக்க வாசிக்க எனக்கு ஒன்று விளங்கியது. மனிசன் இத்தனை காலமும் வாயை மூடிக்கொண்டு எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

நான் என்னைத்தான் முதலில் தேடினேன் என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறேன். தபால் கந்தோரில் வேலை செய்கிற, எல்லாவற்றையும் நக்கலாகப் பேசுகிற ஒரு சின்னம்மா மகன். அத்தியாயம் முடிவதற்கிடையில் நியூமோனியா வந்து செத்துப்போகிறேன். நக்கலாகப் பேசுகிறவர்கள் நிஜத்தில் பயந்தவர்கள் என்று ஒரு வரியும் இருக்கிறது. நாவல் என்ற அளவில் அந்த அத்தியாயம் கொஞ்சம் பலவீனமானது.

மச்சாள் ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும், "பிறகு?" என்பார். கதை பிடித்திருக்கிறது என்று நினைத்து உற்சாகமாக வாசித்தேன். சில இடங்களில் மட்டும் நிறுத்துவார்.

"தேத்தண்ணி வந்தது எண்டோ கிடக்கு?"

"ஓம் மச்சாள். 'தேத்தண்ணி வந்தது. மாமா ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்' எண்டு கிடக்கு."

"ஆர் கொண்டுவந்தது?"

திரும்பப் பார்த்தேன். "அது எழுதேல்லை."

"சரி. வாசியுங்கோ."

அதற்குப் பிறகு நானும் கவனித்தேன். அந்த வீட்டில் தேத்தண்ணி வருகிறது. சோறு வருகிறது. விருந்தாளி படுக்கப் பாய் விரிந்து கிடக்கிறது. கதாநாயகனின் சேட்டுகூட மினுக்கி, மடிப்புக் கலையாமல் தொங்குகிறது. அவனுக்குப் பெண்சாதி இருக்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை. முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் அவன். அதை மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்.

கடைசிப் பக்கம் முடிந்தது. "முடிஞ்சுது மச்சாள்," என்றேன்.

"அவ்வளவோ?"

"முடிவு கொஞ்சம் சப்பெண்டுதான் இருக்கு."

"முடிவை விடுங்கோ. மற்றப் பெட்டியளைத் திறவுங்கோ. முந்தின கதையள், டயறி, எல்லாம் கிடக்குத்தானே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனிசி கதை கேட்கவில்லை. தன்னைத் தேடிக்கொண்டிருந்தார். இத்தனை வருட எழுத்தில் எங்கேயாவது ஓரிடத்தில் தன்னைப் போட்டிருப்பார், ஒரு பெயர், ஒரு வரி, என்று நம்பிக்கொண்டு, அந்தக் கண்ணோடு எனக்கு முன்னால் கதிரையில் இருந்தார். எனக்கு அந்த நேரம் பரமண்ணைமேல் வந்த கோபத்தை இங்கே எழுதினால் இந்தப் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

4

மற்றப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தேன்; பூமணி மச்சாள் ஒன்றிலும் இல்லை. இதற்கிடையில் செய்தி வெளியே போய்விட்டது. கடைசி நாவலில் சொந்தக்காரர் எல்லோரும் இருக்கிறார்கள் என்று தர்ஷினி யாரிடமோ சொல்லியிருக்கிறாள். இலக்கியத்தில் எங்கள் குடும்பத்துக்குத் திடீரென்று ஏற்பட்ட ஆர்வத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பரமண்ணை உயிரோடிருந்தபோது புத்தகம் அனுப்பினால், கிடைத்தது என்று ஒரு வார்த்தை சொல்லாதவர்கள், இப்போது நாளுக்கு இரண்டு தரம் தொலைபேசியில் அழைத்து, எத்தனையாம் அத்தியாயம் என்று கேட்டார்கள்.

எங்கள் ஆட்கள் நாவல் வாசிக்கும் முறை ஊரில் உள்ளவர்களுக்குப் புதிதல்ல. கதை என்ன, நடை என்ன என்பதெல்லாம் பிறகு. இது எந்த ஊர், எந்த ஒழுங்கை, இவன் ஆரின்ர மகன், இந்தக் கலியாணம் எங்கட கலியாணமோ என்பதுதான் முதல் வேலை. பாத்திரத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் எங்கள் குணண்ணையிடம் வந்து பாடம் கேட்கலாம்.

குணண்ணை பரமண்ணையின் நேர் தம்பி. இந்த ஊரில் எங்கள் குடும்பத்துக்குத் தலைவர் என்று தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர். அவர்தான் ஒரு யோசனையோடு வந்தார். ஆண்டுத் திவசம் வருகிறது. வழக்கமாக எங்கள் வீடுகளில் சாப்பாட்டோடு கையில் ஒரு நினைவு மலர் கொடுப்போம்: முன்னால் தேவாரம், பிறகு இறந்தவரின் படம், வம்சாவளி, கடைசிப் பக்கத்தில் நன்றி. இந்த முறை அதற்குப் பதிலாக நாவலையே நினைவு மலராக அடித்தால் என்ன?

"தேவாரத்தை முன்னுக்குப் போட்டு, நாவலை நடுவில வைப்பம்," என்றார். "ஒரு சின்னத் திருத்தம் மட்டும் செய்யவேணும்."

சின்னத் திருத்தம் ஐந்தாம் அத்தியாயம். அதில் மெல்பேர்ணிலிருந்து வந்த ஒரு தம்பி, முருங்கையைப் பார்த்துவிட்டு, தன்னுடைய வீட்டு வளவு எவ்வளவு பெரியது என்று சாப்பாடு முடியும்வரை சொல்கிறான்.

"அது நானில்லை," என்றார் குணண்ணை. "ஆனா எடுக்கவேணும்."

வசந்தாக்கா சிட்னியில் இருக்கிறார், பரமண்ணையின் தங்கை. அவருக்கு ஏழாம் அத்தியாயம். தகப்பன் செத்த செய்தி சொல்ல வந்த தங்கை அழுது முடித்த கையோடு, வீட்டு உறுதிப் பத்திரம் ஆரின்ர பேரில என்று கேட்கிறாள். வசந்தாக்கா என்னோடு போனில் அரைமணித்தியாலம் கதைத்தார். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போகிற வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கதைக்கிறேன், அவ்வளவு மனவேதனை என்றார். "அண்ணை என்னைப் பற்றி எழுதியிருக்க மாட்டார் தம்பி. அவர் தங்கமான மனிசன். நீர் வாசிச்சதிலதான் பிழை. அந்த இடத்தை எடுத்துப்போட்டு, என்ர அவரைப்பற்றி ரெண்டு நல்ல வசனம் போட்டுவிடும்."

இப்படியே ஒவ்வொருவராக. கணக்குப் பார்த்தேன். எல்லோரும் சொன்னதை வெட்டினால் மிஞ்சுவது பனி, லிஃப்ட், முருங்கை, எதிர்வீட்டுச் சீனக் கிழவர். தமிழ் வாசிக்கத் தெரியாததால் அவர் ஒருவர்தான் ஆட்சேபிக்கவில்லை. நான் மூன்றாம் அத்தியாயத்தை வெட்டச் சொல்லவில்லை என்பதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். மற்றவர்கள் வெட்டுவதாக முடிவானால் மட்டும் வெட்டலாம் என்று இருந்தேன்.

மலரோடு முடிந்தால் பரவாயில்லை. குணண்ணைக்குக் கனடாவும் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே பெட்டிக்குள் போனால், நாளைக்கு யாராவது எடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டால்? பேரப்பிள்ளைகள் வாசித்துவிட்டால்? கிளேரிடம் கேட்டோம். அதற்கும் படிவம் இருந்தது. கொடுக்கிறவர் மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யலாம்: எல்லாம் உடனே திறந்திருக்கலாம்; ஒரு காலம் வரை மூடி வைக்கலாம்; விரும்பாதவற்றை எடுத்துவிட்டுத் தரலாம். கையெழுத்து வைக்கவேண்டியவர் சட்டப்படி வாரிசு, அதாவது பூமணி மச்சாள்.

அன்றிலிருந்து மச்சாளுக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி முடியாது. வசந்தாக்கா தபாலில் ஒரு சேலை அனுப்பினார்.

5

திவசத்தன்று காலையில் மெல்பேர்ணுக்கு வெளியே த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் அபிஷேகம். மத்தியானம் தர்ஷினி வீட்டில் சாப்பாடு. ஐயர் படையலை முடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார். பாயசம் முடிந்த கையோடு குணண்ணை எழுந்து, போட்டோப் பிரதி எடுத்த நாவலை அத்தியாயம் அத்தியாயமாகப் பங்கிட்டார். ஆளுக்கொரு பென்சில்.

"அவரவர் தங்கட பகுதியைப் பாத்துக் கோடு போட்டுத் தாங்கோ. மற்றவையின்ர பகுதியை வாசிக்கத் தேவையில்லை."

என்ன ஒழுக்கமான வாசகர்கள். அரைமணித்தியாலம் வீட்டில் பென்சில் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு, "இஸ் தெயர் அன் எக்ஸாம்?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். ஒரு மருமகன் தன் மாமியின் அத்தியாயத்தைத் தெரியாமல் மாறி எடுத்து வாசித்துவிட்டு வாய்க்குள் சிரித்ததில் ஒரு சின்னக் கலவரம் வந்து அடங்கியது.

எல்லாவற்றையும் சேர்த்து அடுக்கிக்கொண்டு குணண்ணை மச்சாளுக்கு முன்னால் போய் நின்றார். மச்சாள் மூலைக் கதிரையில் வசந்தாக்காவின் சேலையில் இருந்தார்.

"மச்சாள், உங்களைத்தான் முதல்ல கேட்டிருக்கவேணும். உங்களுக்குச் சங்கடமான இடம் ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ. அதைத்தான் முதல் எடுக்கிறது."

"எனக்கு ஒண்டும் இல்லை, குணம்."

"பாத்தியளோ," என்று அவர் எல்லோரையும் திரும்பிப் பார்த்தார். "இதுதான் பெருந்தன்மை. எங்கட அண்ணை எவ்வளவோ எழுதியிருப்பார். ஒரு சொல் குறை சொல்லுறாவோ பாருங்கோ."

சிலர் தலையாட்டினார்கள். வசந்தாக்கா கண்ணைத் துடைத்தார். அறை நிறைய ஆட்கள் இருந்தும், அந்த மனிசி உள்ளதை உள்ளபடி சொன்னார் என்பது என்னைத் தவிர ஒருவருக்கும் விளங்கவில்லை. தர்ஷினி தாயைக் கட்டிப்பிடித்து, "அம்மா, யூ ஆர் ஸோ ஸ்ட்ரோங்," என்றாள். எனக்கு எழுந்து கத்தவேண்டும் போலிருந்தது. மிச்சமிருந்த பாயசத்தைக் குடித்தேன்.

குணண்ணை படிவத்தை நீட்டினார். 'விரும்பாதவற்றை எடுத்துவிட்டு' என்ற கட்டத்தில் பென்சிலால் ஒரு அடையாளமும் வைத்திருந்தார், மச்சாளுக்கு உதவியாக.

"இன்னும் ஒரு பெட்டி கிடக்கு," என்றார் மச்சாள். "தம்பி வாசிக்கட்டும். கேட்டு முடிச்சுப்போட்டு வைக்கிறன்."

6

அந்தக் கடைசிப் பெட்டியை நான் முதலே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டேன். புத்தக வெளியீட்டு விழாக்களில் பேசிய பேச்சுகள், முன்னுரைகளின் நகல்கள், சமர்ப்பணங்கள். முதல் நாவல் தமிழன்னைக்கு. இரண்டாவது, கூடப் படித்த ஒரு நண்பருக்கு. மூன்றாவது, 'என்னை எழுதவைத்த தனிமைக்கு'. நன்றி சொல்லாத ஆள் இல்லை. தட்டச்சு யந்திரம் இரவல் தந்தவருக்கு நன்றி. பழுதான லிஃப்டைத் திருத்திய மாடிக்குடியிருப்புப் பராமரிப்பாளருக்குக்கூட ஒரு பந்தி. பூமணி என்ற பெயர் ஒரு தாளிலும் இல்லை. பக்கம் பக்கமாகத் தட்டினேன், முன்னுக்கும் பின்னுக்கும். இல்லை.

தனிமையாம். இரண்டு அறை வீட்டில் ஒரு மனிசியையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு என்ன கண்டறியாத தனிமை. கனடிய நாவலாசிரியர் இருந்திருந்தால் அன்றைக்கு என்னிடம் வாங்கிக் கட்டியிருப்பார்.

வியாழக்கிழமை போனேன். மச்சாள் மேசையைத் துடைத்து வைத்துவிட்டு இருந்தார். தர்ஷினி வீட்டிலிருந்தே வேலை செய்கிற நாள், பக்கத்து அறையில் மீட்டிங்கில் கதைத்துக்கொண்டிருந்தாள். பேச்சுகளை வாசித்தேன். முன்னுரைகளை வாசித்தேன். தனிமை வந்த இடத்தை விழுங்கிவிட்டேன். மச்சாள் ஒவ்வொன்றுக்கும், "பிறகு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கட்டு மெலிந்துகொண்டே வந்தது. கடைசித் தாளில் ஒரு மளிகைக் கடை விளம்பரத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த வாசகம் மட்டும்தான் இருந்தது.

அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நான் வேறொன்றை வாசித்தேன்.

"'விடியக் கூண்டிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்தது பூமணி. கையில் தேத்தண்ணி. இரவு முழுக்கப் பனியில் நின்ற எனக்கு அவளுடைய முகத்தைப் பார்த்தால்தான் விடிந்த மாதிரி. இந்த மனிசி இல்லாவிட்டால் நான் ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டேன்.'"

நான் எழுதிய வசனங்களில் நல்லது என்றே சொல்வேன். பரமண்ணையின் நடை, அந்தச் சின்னச் சின்ன வசனம், எல்லாம் இருந்தது. மச்சாள் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. செய்ததில் பிழையில்லை என்று நினைத்தேன்.

"அதைத் திரும்ப ஒருக்கா வாசியுங்கோ, தம்பி."

வாசித்தேன். மளிகைக் கடை விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு, ஞாபகத்தில் இருந்ததை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

"முதல் வாசிக்கேக்க தேத்தண்ணி," என்றார் மச்சாள். "இப்ப கோப்பி."

தாளை மேசையில் வைத்தேன்.

"அவர் விடிய வாற நேரம் நான் எங்க தம்பி வீட்டில? எனக்குக் காலமை ஷிப்ட். நான் லிஃப்டில இறங்க அவர் ஏறுவார். கீழ கதவடியில சந்திப்பம். வீட்டுக் கதவுத் திறப்பைக் குடுத்துப்போட்டு, சோறு அடுப்பில எண்டு சொல்லிப்போட்டு ஓடுவன், பஸ் போயிடும்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கிறியள். அவரைவிட நல்லா."

"மச்சாள், நான் வேணுமெண்டு..."

"தெரியும். நீங்கள் என்னத்துக்கு அழுறியள். விடுங்கோ." கையை நீட்டி மேசையில் தடவி அந்தத் தாளை எடுத்து, மற்றத் தாள்களுக்கு மேல் வைத்து, நான்கு பக்கமும் தட்டி நேராக்கினார். "இதோட எல்லாம் முடிஞ்சுதுதானே?"

"முடிஞ்சுது."

"ஒண்டும் மிச்சமில்லை?"

"இல்லை, மச்சாள்."

மச்சாள் அறைப்பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார். தர்ஷினி மீட்டிங்கை நிறுத்திவிட்டு, படிவமும் பேனையுமாக வந்தாள். எந்தக் கட்டத்தில் அடையாளம் போடுவது என்று கேட்டாள். குணம் அங்கிள் பென்சிலால் வைத்த இடத்தையும் காட்டினாள்.

"அதை அழி. முழுக்கத் திறந்து கிடக்கட்டும் எண்டு போடு."

"அம்மா, ஆர் யூ ஷுவர்? குணம் அங்கிள், வசந்தா அன்ரி எல்லாரும் சண்டைக்கு வருவினம். அட்லீஸ்ற் அந்த சப்டர்ஸை மட்டும் எடுத்துவிடுவமா?"

"ஒருத்தரையும் எடுக்கவேண்டாம், பிள்ளை," என்றார் மச்சாள். "அவையளையாவது நினைச்சிருக்கிறார்."

மகள் விரலால் இடத்தைக் காட்ட, குனிந்து கையெழுத்து வைத்தார்.